இட்லிக் கொப்பரையில் இன்ஜின்

"இவருதான்டி, அரிசி போட்டவரு."

கேட்டீர்களா? திரும்பிப் பார்க்காதீர்கள். இரண்டு சீட் பின்னால், பச்சைத் துப்பட்டா. எங்கள் வீதிப் பெண்தான். ரகசியம் பேசுவதாக அதற்கு நினைப்பு. பஸ் போடுகிற சத்தத்தைத் தாண்டி அந்த ரகசியம் டிரைவர் வரைக்கும் போயிருக்கும். பக்கத்தில் இருப்பவள் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். இந்தப் பஸ்ஸில் ஏறியதிலிருந்து அந்தத் துப்பட்டா எத்தனை கம்பியைத் துடைத்திருக்கும்! அதைப் போய் வாயில் வைக்கிறாள். சே.

முப்பத்து மூன்று வருஷம் நகராட்சியில் சானிடரி இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். மருதாசலம் என்று பெயர். நான் வீதிமுனையில் திரும்பினால் ஹோட்டல்களில் சட்னிச் சட்டிக்கு மூடி தேடுவார்கள். ஓசியில் ஒரு காப்பி குடித்தது கிடையாது. அவர்களாகக் கொண்டுவந்து வைத்தால் குடிப்பேன். அது மரியாதை, ஓசி இல்லை. அப்படி இருந்தவனுக்கு இன்றைக்கு ஊரில் பெயர், அரிசி போட்டவர். எங்கே போட்டேன், எதற்குப் போட்டேன் என்று ஒருவராவது கேட்டார்களா? நீங்கள் பல்லடம்தானே? நானும் அங்கேதான், மகள் வீட்டுக்கு. ஒரு மணி நேரம் இருக்கிறது. முழுசாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

என்னிடம் ஒரு பைக் இருந்தது. கறுப்பு வண்டி, டூ ஸ்ட்ரோக். இருபது வருஷம் அதில்தான் டியூட்டி பார்த்தேன். ஒருநாள் நடுரோட்டில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டான். அன்றிலிருந்து மாடிப்படிக்குக் கீழே ஒன்பது வருஷமாகக் கிடந்தது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. இந்த ஆடி மாதம் பழைய இரும்புக்காரனை வரச்சொன்னேன். அவன் வண்டியைத் தூக்க ஆளோடு வந்து நிற்கிறான். உள்ளேயிருந்து என் மனைவி வசந்தாமணி வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "வேண்டாமுங்க, அது இருக்கட்டும். நான் இன்ஜினைப் பிரிச்சுப் பாக்கறேன்" என்றாள்.

இரும்புக்காரன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நீங்கள் கேட்கலாம், ஒரு பொம்பளைக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று. அதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருஷம் அவள் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்தாள். மோட்டாருக்குப் பேரிங் ஏற்றுகிற வேலை. எனக்கு அது முதலில் தெரியாது. பெண் கம்பெனிக்குப் போகிறாள் என்றார்கள், ஏதோ எழுத்து வேலை என்று நினைத்துக்கொண்டேன். தாலி கட்டிவிட்டுக் கையைப் பிடித்து மணவறையைச் சுற்றும்போது பார்த்தேன். மருதாணி வைத்த விரல். அந்த விரலில் நகத்துக்குள் கறுப்பாக ஒரு கோடு. கிரீஸ். பத்து விரலிலும். மூன்றாவது சுற்றில் கையை விட்டுவிட்டு விரல் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டேன். மறுவாரமே வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவளும் சரிங்க என்று நின்றுவிட்டாள். அவ்வளவு நல்ல குணம் அப்போது. முப்பது வருஷம் அந்தக் கையால் அவள் போட்டதைச் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு குறை சொன்னதில்லை. சொன்னால் உடனே திருத்திக்கொள்வாள், அதனால் குறை என்று ஒன்று நிற்கவில்லை.

சரி, பிரிக்கட்டும், இரண்டு நாளில் அலுத்துப்போகும் என்று விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

முதலில் மாடிப்படிக்குக் கீழேதான் உட்கார்ந்தாள். பிறகு மழை தூறியது. பிறகு மண் பறக்கிறது என்றாள். "உள்ள தூசி போகக்கூடாதுங்க, சமையல்கட்டுதாங்க சுத்தமா இருக்குது" என்று சொல்லிவிட்டு இன்ஜினை அங்கே கொண்டுபோய்விட்டாள். கவனியுங்கள். சுத்தமான இடம் வேண்டுமாம். அதனால் அழுக்கைக் கொண்டுபோய் அங்கே வைக்கிறாளாம்! முப்பத்து மூன்று வருஷத்தில் எந்த ஹோட்டல்காரனும் என்னிடம் இப்படி ஒரு பதிலைச் சொன்னதில்லை. கரப்பான் இருந்தால், சார் மருந்து அடிச்சிருக்கோம், அதான் வெளிய வருது என்பான். அதில்கூட ஒரு நியாயம் உண்டு.

அந்தக் கடலையை வாங்காதீர்கள். அவன் பொட்டலம் மடிப்பதற்கு முன்னால் எச்சில் தொட்டான், பார்த்தேன். ஆ, வாங்கிவிட்டீர்களா. உங்கள் இஷ்டம்.

எங்கே விட்டேன்? சமையல்கட்டு. கேளுங்கள், நான் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன். கியாஸ் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பேசின் நிறைய மண்ணெண்ணெய், அதற்குள் பல்சக்கரங்கள். தாளிக்கிற கரண்டியால் அதைத் துழாவுகிறாள். இட்லித் தட்டு இருக்கிறதல்லவா, குழி குழியாக? குழிக்கு ஒரு வகை போல்ட்டு. கழற்றின வரிசைப்படி அடுக்கியிருக்கிறாளாம், கலைத்தால் மாட்டத் தெரியாதாம். பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் பிஸ்டன். அதன் தலையில் அட்டுப்பிடித்த கரியை மரக்கரண்டிக் காம்பால் சுரண்டுகிறாள். அந்தக் கரி எப்படி இருந்தது தெரியுமா? பல் விளக்காதவன் பல் மாதிரி இருந்தது.

காலையில் காப்பி கொடுத்தாள். டம்ளரில் மேலே வானவில் மிதக்கிறது. நான் அதை அவளிடம் நீட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "டிகாஷன்லயே எண்ணெய் இருக்குமுங்க" என்றாள். குடித்துப் பார்த்தேன். பெட்ரோல் பங்க்கில் நின்று காப்பி குடித்தால் எப்படி இருக்கும், அப்படி. தோசை மாவில் ஒரு கட்டைவிரல் ரேகை. கறுப்பாக, தெளிவாக. போலீஸ்காரன் எடுத்தால்கூட அவ்வளவு தெளிவாக வராது. அந்த இடத்தை மட்டும் கரண்டியால் எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தை ஊற்றினாள்.

ஒருநாள் சட்னிக்குத் தேங்காய் போதாதென்று ஃபிரீசரைத் திறந்தேன். மூடிபோட்ட ஒரு கிண்ணம். துருவல் என்று எடுத்து மூடியைத் திறக்கிறேன், உள்ளே ஒரு இரும்பு வளையம். வளையத்துக்குள் உருண்டைகள், எண்ணெயில் ஊறிப்போய், கண்ணுமுழி மாதிரி என்னைப் பார்க்கிறது. கத்திவிட்டேன். அவள் ஓடிவந்து கிண்ணத்தைப் பிடுங்கி மூடினாள். "பேரிங் குளுந்து சுருங்கணுமுங்க, திறந்து வெச்சா வேர்த்துப்போகும்" என்றாள். எனக்கு வேர்த்ததைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

அன்றைக்கே அது நடந்தது. நாங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய இட்லிக் கொப்பரை. அடுப்பில் ஆவி வந்துகொண்டிருந்தது. இட்லி என்று நினைத்துத் தட்டெடுத்துக்கொண்டு போய் நின்றேன். மூடியைத் திறந்தாள். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருந்தது. முழு இன்ஜின் இல்லை, அதன் வெளிக்கூடு. இரண்டு பாதியாக இருக்கும், அதில் ஒரு பாதி. சூட்டில் விரியுமாம், அந்த நேரம் பார்த்துச் சில்லிட்ட பேரிங்கை வைத்தால் தானாக இறங்குமாம். துணியால் பிடித்து வெளியே எடுத்தாள், ஈரத்தைத் துடைத்தாள், ஃபிரீசர் கிண்ணத்திலிருந்து பேரிங்கை எடுத்து ஓட்டையில் வைத்தாள். சுத்தியால் தட்டவில்லை. டொக் என்று ஒரு சத்தம். அது போய் உட்கார்ந்துவிட்டது.

அவள் சிரித்தாள். தனியாக, அதைப் பார்த்து. நான் தட்டோடு நிற்கிறேன், என்னைப் பார்த்து இல்லை. எங்களுக்குப் பெண் பிறந்தபோதுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு எப்படியோ ஆகிவிட்டது. அந்தக் கொப்பரையில் இனி இட்லி வேண்டாம் என்றேன். "கழுவிட்டுத்தானுங்க ஊத்துவேன்" என்றாள். "கழுவினா போகுற அழுக்கா இது?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அவள் கழுவுகிற லட்சணத்தைச் சொல்கிறேன். பேரிங்கைத் தொடுவதற்கு முன்னால் மூன்று தரம் கை கழுவுவாள். சோப்பு, அப்புறம் சீயக்காய்த் தூள், அப்புறம் மறுபடி சோப்பு. தலையில் துண்டு கட்டிக்கொள்வாள், முடி விழக்கூடாதாம். ஃபேனை நிறுத்திவிடுவாள். என்னுடைய புது வேட்டி, மல்வேட்டி, பொங்கலுக்கு எடுத்தது, அதை மேடையில் விரித்து அதன்மேல்தான் பாகங்களை வைப்பாள். ஒருநாள் நான் சும்மா பார்க்கலாமென்று ஒரு சக்கரத்தைத் தொடப் போனேன். என்னைப் பார்த்துக் கேட்கிறாள்:

"கை கழுவினீங்களா?"

என்னைப் பார்த்து! எத்தனை சரக்கு மாஸ்டர்களை நான் அந்தக் கேள்வி கேட்டிருப்பேன்! விறுவிறென்று ஹாலுக்கு வந்துவிட்டேன். கழுவியிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நான் முறைப்படிதான் எல்லாம் செய்தேன். ஒரு கெட்டி அட்டை எடுத்து, ஆய்வுக் குறிப்பு எழுதினேன். ஒன்று, சமையலறையில் எரிபொருள். இரண்டு, உணவுப் பாத்திரங்களில் இயந்திர பாகங்கள். இப்படிப் பதினோரு குறை. ஏழு நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, சமையலறைக் கதவில் ஒட்டினேன். அவள் நின்று நிதானமாகப் படித்தாள். அட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்ல கெட்டி அட்டைங்க" என்றாள். சாயங்காலம் பார்த்தால் கதவில் அட்டை இல்லை. இன்ஜின் மூடிக்கு இடையில் எண்ணெய் கசியாமல் வைக்க கேஸ்கட் வேண்டுமாம், கடையில் அந்த மாடலுக்குக் கிடைக்கவில்லையாம். என் அட்டையைக் கத்தரிக்கோலால் அளவாக வெட்டி, எண்ணெயில் நனைத்து, வைத்து முடுக்கிவிட்டாள். என் கையெழுத்து இன்றைக்கும் அந்த இன்ஜினுக்குள் இருக்கிறது.

மகள் கிருத்திகாவுக்குப் போன் போட்டேன். "அம்மா வீடியோ அனுப்பினாங்கப்பா, சூப்பரா இருக்குது. எங்க பேங்க்ல எல்லாருக்கும் காட்டினேன்" என்றாள். "சாப்பாட்டுல மண்ணெண்ணெய் நாத்தம் வருதும்மா" என்றேன். "நீங்க சமைச்சா வராதுப்பா" என்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய் ஜாஸ்தி. இப்போது நேரிலேயே போய்ச் சொல்லப்போகிறேன், அம்மாவை ஒரு வார்த்தை கண்டி என்று.

நான் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினேன். குழந்தைவேலு ஹோட்டலுக்குப் போனேன். அந்த ஆளுக்கு நான் எத்தனையோ முறை நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டான். "வாங்க சானிடரி, வாங்க. உங்க வூட்டுச் சமையல்கட்டுக்கு நீங்களே சீல் வெச்சுட்டீங்கனு பேசிக்கறாங்க, நெசமுங்களா?" என்றான். சப்ளையரைக் கூப்பிட்டு, "டேய், சாருக்கு இலையை நல்லாத் தொடச்சுப் போடு. ஸ்பேனர் கிடந்துச்சுன்னா எடுத்துடு" என்றான். ஹோட்டலே சிரித்தது. சாம்பாரில் ஒரு ஈ கிடந்தது. ஓரமாக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய?

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் சமையலறை எனக்கு வேண்டும். அவளிடம் கேட்டேன், "இதை எப்போ எடுப்பே?" என்று. "விஜயதசமிக்கு ஸ்டார்ட் பண்ணிடுவேனுங்க" என்றாள். "யாருக்குக் காட்டறதுக்கு இது?" என்றேன். "எனக்குத்தானுங்க" என்றாள்.

இப்போது அரிசிக்கு வருகிறேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு மத்தியானம். இன்ஜின் சிலிண்டரை லேத் பட்டறையில் கடையக் கொடுத்திருந்தாள், அதை வாங்கப் போனாள். இன்ஜின் கூட்டின் இரண்டு பாதியையும் சேர்த்து முடுக்கியாகிவிட்டது. மேலே சிலிண்டர் உட்காரவேண்டிய இடம் மட்டும் வாய் மாதிரி திறந்திருக்கும். அதில் ஒரு வெள்ளைத் துணியைச் சுருட்டி அடைத்திருந்தாள். என் வேட்டியில் கிழித்த துணி. போகும்போது, "ஏனுங்க, அதை மட்டும் தொட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் நீங்களே சொல்லுங்கள், ஆயுத பூஜையன்றைக்கு இரும்பைத் தொடாமல் பூஜை எப்படிப் போடுவது?

வருஷா வருஷம் எங்கள் வீட்டில் பூஜை போடுவது நான்தான். அரிவாள்மணை, மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, தையல் மிஷின், எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பேன். இந்த வருஷம் வீட்டில் இவ்வளவு இரும்பு பரப்பிக் கிடக்கிறது, அதற்குப் பொட்டு வைக்காமல் விட்டால் நன்றாகவா இருக்கும்? அவள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் சாமி விஷயத்தில் நான் ஓரவஞ்சனை பார்ப்பதில்லை. குளித்துவிட்டு, சந்தனம் குழைத்தேன். கெட்டியாக. பிஸ்டனுக்கு மூன்று பொட்டு. பல்சக்கரங்களுக்குப் பல்லுக்கு ஒன்று. ஒவ்வொரு போல்ட்டுக்கும் குங்குமம். இட்லித் தட்டே கோயில் மாதிரி ஆகிவிட்டது. எனக்கே கொஞ்சம் மனசு இளகியது.

கடைசியில் அந்தப் பெரிய கூடு. வெளியே மட்டும் பொட்டு வைத்தால் போதுமா? உயிர் உள்ளேதானே இருக்கிறது? துணியை எடுத்தேன். உள்ளே இருட்டு. ஒரு கம்பி நிமிர்ந்து நின்றது. அதன் தலைக்கும் சந்தனம் வைத்தேன். சூடம் காட்டினேன். பிறகு பூவும் அட்சதையும். மஞ்சள் தடவின பச்சரிசி, ஒரு பிடி. எல்லாவற்றின் மேலும் போட்டேன். அந்த வாய்க்குள்ளும் ஒரு சிட்டிகை விழுந்தது. சாமிக்குப் போட்டது எங்கே விழுந்தால் என்ன? மறுபடியும் துணியைச் சுருட்டி, இருந்த மாதிரியே ஒழுங்காக அடைத்து வைத்தேன். ஒழுங்கு எனக்குப் பழக்கம்.

வசந்தாமணி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, மூன்று தரம் கை கழுவிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெயில் போட்டுத் துடைத்தாள். சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. அரிசியைப் பொறுக்கினாள். அந்தக் கூட்டுக்கு வந்ததும் துணியைத் தொட்டுக்கொண்டு கேட்டாள், "இதுக்குள்ள ஏதும் விழுந்துச்சுங்களா?"

"இல்லை" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. கை தவறி விழுந்ததா என்று கேட்டால் இல்லைதானே? நான் மனசாரப் போட்டது. அதோடு, ஒரு சிட்டிகை அரிசிக்காக நல்ல நாளில் எதற்குச் சண்டை? அவள் துணியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "சரிங்க" என்றாள். முப்பது வருஷமாக நான் சொன்னதை நம்பிப் பழகினவள். நம்பினாள்.

துணியை எடுத்து, விளக்குப் பிடித்து ஒருமுறை குனிந்து பார்த்தாள். கம்பித் தலையில் இருந்த சந்தனம் மட்டும் கண்ணில் பட்டது. அதைத் துடைத்துவிட்டு, எண்ணெய் விட்டு, பிஸ்டனை மாட்டி, சிலிண்டரை இறக்கினாள்.

விஜயதசமி காலை. வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தாள். வீதியே கூடிவிட்டது. இதோ பின்னால் உட்கார்ந்திருக்கிறதே, அந்தப் பச்சைத் துப்பட்டாவும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆளாளுக்கு யோசனை. "யக்கா, சோக்கைத் தூக்குங்க." "யக்கா, நான் உதைக்கட்டுங்களா?" அவள் யாரையும் விடவில்லை. சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு உதைக்கிற கட்டையில் காலை வைத்தாள். ஐம்பத்து நாலு வயது. முதல் உதை, ஒன்றுமில்லை. இரண்டு. மூன்று. நான் திண்டுக்கல் பூட்டு மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான்காவது உதையில் பிடித்துவிட்டது.

கைதட்டினார்கள். நீலப் புகை வீதி முழுக்க. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஒன்பது வருஷம் செத்துக் கிடந்த வண்டி, அதே பழைய சத்தம். அவள் கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடி, தலையைச் சாய்த்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். உட்காரக்கூட இல்லை. நான்கு நிமிஷம் ஓடியிருக்கும்.

பிறகு சத்தம் மாறியது. முதலில் அவளுக்குத்தான் தெரிந்தது, முகம் மாறிவிட்டது. சாவியைத் திருகி அணைப்பதற்குள், மிக்ஸியில் கல் விழுந்த மாதிரி கரகரவென்று அரைத்து, டக்கென்று நின்றது. உதைத்துப் பார்த்தாள். உதைக்கிற கட்டை அசையவில்லை. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாராவது ஏதாவது பேசவேண்டுமல்லவா என்று நான்தான், "நான் அப்பவே சொன்னேன்" என்றேன்.

மறுபடி சமையல்கட்டு. மறுபடி பேசின், மண்ணெண்ணெய், இட்லித் தட்டு. இரண்டு நாள் பிரித்தாள். பக்கத்து வீட்டம்மா கூட உட்கார்ந்திருந்தாள், ஆறுதல் சொல்கிறாளாம். மூன்றாம் நாள் நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். குங்குமத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் பேப்பர் மேலேயே வைத்தாள். கறுப்பு எண்ணெயில் ஊறின ஏதோ கூழ். பார்க்கவே வாந்தி வருகிற மாதிரி. அதன் நடுவில் நாலைந்து மணி முழுசாக.

"அரிசிங்க" என்றாள்.

"தெரியுது."

"மஞ்சள் அரிசிங்க. நான் கேட்டேனுங்களே."

பின்னால் பக்கத்து வீட்டம்மா நிற்கிறாள், வாயில் கையை வைத்துக்கொண்டு. அப்புறம் வீதிக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டு என் பேப்பரில் எண்ணெய் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. "சாமி பிரசாதம் பட்டு நின்னுபோகுதுன்னா உன் வேலையிலதான் கோளாறு. எத்தனை லாரிக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தறாங்க, நின்னா போச்சு?" என்றேன். "கம்பெனியிலிருந்து உன்னை நான் நிறுத்தலைன்னாலும் முதலாளியே நிறுத்தியிருப்பான்" என்றேன். அவள் பாட்டுக்கு விரல் நுனியால் அந்த அரிசியைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். நகமெல்லாம் கறுப்பு. எனக்கு உடம்பே கூசியது.

அப்போதுதான் சொன்னேன். தீர்மானமாக, அதிகாரியாகவே சொன்னேன். "இத பாரு வசந்தாமணி. இனி சமாதானமெல்லாம் கிடையாது. ஒரே மேடையில இன்ஜினும் அடுப்பும் இருக்கக்கூடாது. முப்பத்து மூணு வருஷ அனுபவத்துல சொல்றேன். ஒண்ணு அது இருக்கணும், இல்லை இது இருக்கணும். ரெண்டுல ஒண்ணு நாளைக்குள்ள வெளிய போகணும். எதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

அவள் தட்டை எடுத்துக்கொண்டாள். "சரிங்க" என்றாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்கே போவாள்? பழைய இரும்புக்காரனுக்குப் போன் போட்டு, நாளைக் காலையில் வா என்றுகூடச் சொல்லிவிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

காலையில் எழுந்து ஹாலுக்கு வந்தால் அவள் சமையலறையில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேடை, சுவர், ஜன்னல் கம்பி, எல்லாம். பார்த்தேன், பரவாயில்லை, புத்தி வந்துவிட்டது என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். கியாஸ் சிலிண்டர் வால்வைத் திருகி மூடினாள். ரப்பர் குழாயைக் கழற்றினாள். கியாஸ் அடுப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். என் நாற்காலிக்கு முன்னால் ஒரு பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் வைத்தாள். ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்தாள், காய்ந்த துணியால் ஒரு தரம் துடைத்தாள். திரும்பிப் போய்த் தோசைக்கல், கரண்டி, அரிசி டப்பா, பருப்பு டப்பா என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கினாள். கடைசியாக கியாஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து சுவரோரம் நிறுத்தி, குழாயை மாட்டி, லைட்டரால் ஒருமுறை பற்றவைத்துப் பார்த்து அணைத்தாள். லைட்டரை என் கையில் கொடுத்தாள். சமையலறைக்குள் போனாள். அடுப்பு இருந்த இடத்தில் வேட்டியை விரித்தாள். குனிந்து இன்ஜின் கூட்டைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு, குழாயடியில் போய்க் கை கழுவ ஆரம்பித்தாள்.